ஆறாவது கை

நான் நுண்ணுயிரியல் படித்தவள். எங்கள் தெருவில் அதற்குப் பெயர் பூச்சிப் படிப்பு. “கண்ணுக்கே தெரியாத பூச்சின்னா, அது இருக்குன்னு உனக்கு மட்டும் எப்படித் தெரியும்?” என்று கேட்டவர் பக்கத்து வீட்டு டீச்சர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. தினமும் மாதா கோயில் காலைப் பூசைக்குப் போய் நன்மை அப்பம் வாங்குகிறவர். கண்ணுக்குத் தெரியாத தேவதூதர்கள் அத்தனை பேரையும் வரிசைக்கிரமமாக நம்பினார். பாக்டீரியாவுக்கு மட்டும் அவரிடம் அத்தாட்சி தேவைப்பட்டது.

தஞ்சாவூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, இரண்டு அறைகளில் எங்கள் ஆய்வுக்கூடம் இருந்தது. தண்ணீரைப் பாக்கெட்டில் அடைத்து விற்கத் தொடங்கியிருந்த காலம். ஆறு ஓடுகிற சீமையில் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குவதா என்று சிரித்தவர்களே, ஆற்றில் தண்ணீர் வராத வருடங்களில் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுக் குடித்தார்கள். அந்தத் தண்ணீரில் என்ன வளர்கிறது என்று பார்த்து எழுதுவது என் வேலை. முதலாளி கையெழுத்துப் போடுவார். பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா, நான் லேப்பில் இருப்பதாகச் சொல்வாள். ரத்தம் எடுக்கிற லேப் என்று அவர்கள் நினைத்துக்கொண்டால் அதைத் திருத்தமாட்டாள்.

எங்கள் ஊர் அங்கிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம், வெண்ணாற்றங்கரையில். தெருவில் பாதி வீடுகளில் ஆண்கள் இல்லை, அவர்கள் அனுப்பிய டேப்ரிக்கார்டர்கள் இருந்தன. மஸ்கட், துபாய், சிங்கப்பூர் என்று வீட்டுக்கு ஒரு ஊர் ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கே யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் இங்கிருந்து அம்மாவின் லேகியம் போகும். பிரசவ லேகியம். சுக்கு, மிளகு, திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சதகுப்பை என்று ஒரு மூட்டைச் சாமானை வறுத்து இடித்து, பனைவெல்லப் பாகில் கொட்டி, நல்லெண்ணெயும் நெய்யும் விட்டுக் கிளறி, ஆறிய பிறகு தேன் விட்டு உருண்டை பிடிப்பது. பச்சை உடம்புக்காரி நாற்பது நாள் காலையில் வெறும் வயிற்றில் ஒரு உருண்டை தின்னவேண்டும். அம்மாவின் பக்குவத்துக்கு ஈடு சுற்றுவட்டாரத்தில் கிடையாது என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்வேன். அது பொய்யில்லை.

ஆனால் பக்குவம் மட்டும் போதாது. கைராசியும் வேண்டும். லேகியம் இறக்கியதும், சுகப்பிரசவமாகப் பிள்ளை பெற்ற ஐந்து பெண்கள் வந்து ‘கை வைக்க’வேண்டும். அவர்களுக்குப் பிரசவம் லேசாக நடந்ததுபோல் இந்த மருந்தைத் தின்கிறவளுக்கும் எல்லாம் லேசாகிவிடும். எங்கள் தெருவில் அந்த ஐந்து கைகள் நிரந்தரமானவை. டீச்சர் ஒன்று. எதிர்வீட்டு முஸ்லிம் அக்கா, நாங்கள் லாத்தா என்போம், ஒன்று. அவர் கணவருக்குக் கூத்தாநல்லூரில் ஜவுளிக்கடை. மாதா கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளையின் மனைவி ஒன்று, பால்கார வீட்டு அத்தை ஒன்று. ஐந்தாவது, எங்கள் வயலில் நடவு நடுகிற பெரியம்மா. எட்டுப் பெற்றவர், அதில் ஒன்றை நடவு நாளில் வரப்பிலேயே பெற்று முந்தானையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்து போனவர். ஆகவே அவர் கைக்குத்தான் மதிப்பு அதிகம். மற்ற நாட்களில் கொல்லைப்புறமாக வந்து கூலி வாங்கிக்கொண்டு போகிறவருக்கு அன்று வாசல் கதவு திறக்கும், உட்காரப் பலகை போடப்படும். எங்கள் வீட்டில் சமத்துவம் லேகியம் கிளறுகிற நாட்களில் கடைப்பிடிக்கப்பட்டது.

கல்யாணமாகாத பெண்கள் அந்த நேரத்தில் அடுப்படியில் இருக்கக் கூடாது. என்னைக் கொல்லைக்கு அனுப்பிவிடுவார்கள். அம்மாவும் கரண்டியை வைத்துவிட்டு என்னோடு வந்து கிணற்றடியில் நிற்பாள். எனக்குத் துணைக்கு வருகிறாள் என்றே ரொம்ப வருடம் நினைத்திருந்தேன். கல்லூரிக்குப் போன பிறகுதான் அக்கா விஷயத்தைச் சொன்னாள். அக்கா பிறந்தபோது அம்மாவுக்குச் சுகப்பிரசவம். தெருவில் அவளுடைய கையும் ஒரு கை. அப்புறம் நான் வந்தேன். வயிற்றுக்குள் குறுக்கே படுத்துக்கொண்டு, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கத்தி வைக்கவைத்து வெளியே வந்தேன். அன்றோடு அம்மாவின் கைராசி போயிற்று. ஊருக்கெல்லாம் மருந்து கிளறுகிறவள், கிளறிய மருந்தைத் தொடக் கூடாது. கரண்டியால் மட்டும் தொடலாம். யாரும் சட்டம் போடவில்லை. டீச்சர் ஒருநாள் “நீ கொஞ்சம் வெளிய நில்லேன்” என்றிருக்கிறார், அம்மா நின்றிருக்கிறாள். இருபத்து நாலு வருடம் நின்றாள்.

இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு டீச்சர் மேல் கோபம். என் மேலும்தான்.

அக்கா மஸ்கட்டில் இருந்தாள். இரண்டு முறை உண்டாகி, இரண்டு முறையும் எட்டாம் மாதத்தில் போய்விட்டது. இரண்டு முறையும் இங்கே லேகியம் கிளறி, ஐந்து கையும் வைத்து, பாட்டிலில் அடைத்துத் துணி கட்டிய பிறகுதான் செய்தி வந்தது. அந்த உருண்டைகளை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று அம்மா ஆற்றில் கொண்டுபோய்ப் போட்டாள். இரண்டாவது முறை ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலைத் தோண்டிப் புதைத்துவிட்டு வந்தாள்.

மூன்றாவது முறை அக்காவுக்கு ஏழு மாதம் ஆனபோது எல்லோரும் பேச்சைக் குறைத்துக்கொண்டோம். அம்மா போய்ப் பக்கத்தில் இருக்க வழியில்லை. விசா, டிக்கெட் என்று அத்தான் ஒரு கடிதம் முழுக்கக் காரணங்களை வரிசை எண் போட்டு எழுதியிருந்தார். அம்மாவால் அனுப்பக்கூடியது லேகியம் ஒன்றுதான். அதற்கும் அந்தக் கடிதத்தின் கடைசி வரியில் ஒரு நிபந்தனை இருந்தது. ‘லேகியம் அனுப்புவதானால், மைக்ரோபயாலஜி ரிப்போர்ட்டோடு அனுப்பவும். இல்லாமல் வந்தால் வீட்டுக்குள் விடமாட்டேன். தங்கைதான் லேப்பில் இருக்கிறாளே.’

அத்தானுக்கு ஒரு குழாய்க் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு வேலை. எந்தக் குழாயும் சான்றிதழ் இல்லாமல் அவரைத் தாண்டிப் போகாது. எனக்கு அவர்மேல் கோபம் வந்திருக்கவேண்டும், வரவில்லை. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர், தனக்குத் தெரிந்த முறையில் பயப்பட்டார். தவிர, எங்கள் குடும்பத்தில் என் படிப்பை ஒருவர் மதித்தது அதுதான் முதல்முறை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

லேகியம் தயாரானது. நான் வழக்கம்போல் கிணற்றடியில் நின்றேன். அம்மாவும் நின்றாள். மறுநாள் நாலு உருண்டைகளை டிபன் டப்பாவில் போட்டு எடுத்துப் போய்ப் பரிசோதனைக்கு வைத்தேன். நன்றாக வரும் என்று நம்பினேன். இவ்வளவு வெல்லம், இவ்வளவு காரம், அவ்வளவு நேரம் கொதி. எந்தக் கிருமி தங்கும்?

தங்கியிருந்தது. சும்மா வந்து போன கிருமியாகவும் இல்லை. மனிதக் குடலில் குடும்பம் நடத்துகிற வகை, பரிசோதனைத் தட்டு முழுக்கக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

இதை அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். எனக்குப் பக்குவம் போதாது. “மருந்துல பீயில இருக்கற கிருமி இருக்கும்மா” என்று சொல்லிவிட்டேன். அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

“யார் வீட்டு மருந்துல?”

“நம்ம மருந்துலதான்.”

“நீதானே எழுதறவ? நல்லாருக்குன்னு எழுதிக் குடேன். அவளுக்குக் குடுக்க வேற என்ன இருக்கு என்கிட்ட?”

“எழுதலாம்மா. அவ பச்சை உடம்போட அதைத் தின்னுட்டு வயித்தால போச்சுன்னா? பிள்ளைக்கும் ஒட்டிச்சுன்னா? அப்பவும் நான்தான் எழுதினவ.”

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. “சோறு எடுத்து வெச்சிருக்கேன்னு சொல்லுங்க” என்று அப்பாவிடம் சொல்வாள். நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். அப்பா இந்தச் சண்டையில் பேப்பரின் பக்கம் சேர்ந்துகொண்டார், அதை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

நான் சும்மா இருக்கவில்லை. குற்றவாளி யார் என்று தேடினேன். கிடைத்ததாகவும் நினைத்தேன். எங்கள் ஊரில் எதைக் காயவைப்பதானாலும் தார்ரோடுதான். நெல், உளுந்து, எள்ளு, மிளகாய், எல்லாம் ரோட்டில்தான் காயும். பஸ் அதன்மேல் ஏறிப் போகும், ஆடு வாய் வைக்கும், வாய் வைத்த ஆடு போகிற போக்கில் புழுக்கையும் போடும். அம்மாவின் சுக்கும் ஓமமும் அங்கேதான் காய்ந்தன. கண்டுபிடித்துவிட்டேன் என்று குதித்தேன். எல்லாச் சாமானையும் புதிதாக வாங்கிக் கழுவி, மாடியில் சுத்தமான வேட்டி விரித்துக் காயவைத்தோம். ஈ மொய்க்காமல் மூட ஏதாவது வேண்டும் என்றேன். அம்மா பீரோவிலிருந்து அக்காவின் கல்யாண முக்காட்டை எடுத்து வந்தாள். வெள்ளை வலை, ஓரத்தில் சரிகைப் பூ. திப்பிலியும் கண்டதில்லை அப்படி ஒரு மரியாதையை.

இரண்டாவது முறை கிளறினார்கள். ஐந்து கையும் வந்து போயின. நான் கிணற்றடியிலேயே நின்றேன். தட்டில் மறுபடியும் அதே குடும்பம், கூடவே தோலில் வாழ்கிற இன்னொரு குடும்பம்.

அன்று லேப்பில் அந்தத் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். இந்தக் கிருமி கொதிக்கிற பாகில் ஒரு நிமிஷம்கூடத் தாங்காது. முதல் வருடப் பாடம் இது. தாங்காதது உயிரோடு இருக்கிறதென்றால், அது கொதித்து இறக்கிய பிறகு உள்ளே வந்திருக்கிறது. இறக்கிய பிறகு என்ன நடக்கிறது? கை வைக்கிறார்கள். கை வைப்பது என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் கோயிலில் உறுதிபூசுதல் சடங்கின்போது ஆயர் தலையில் கை வைப்பாரே, அதுதான். பாத்திரத்தின்மேல் கையை வைத்து ஜெபம் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். இருபத்து நாலு வருடமாக ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் நடந்ததை, சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கற்பனை செய்துவைத்திருந்தேன். இதில் நான் ஆராய்ச்சிக்காரி.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கேட்டேன். “கை வெக்கறதுன்னா எங்கம்மா வெப்பாங்க?”

“எங்க வெப்பாங்க? மருந்துலதான். தேனை விட்டதும் அஞ்சு பேரும் உள்ள கையை விட்டுப் பெசஞ்சு, ஆளுக்குப் பத்து உருண்டை புடிச்சுக் குடுப்பாங்க. அதுக்குத்தானே வர்றாங்க?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இரண்டு முறை நான் லேப்பில் எண்ணிக்கொண்டிருந்தது கைராசியைத்தான். ஒரு கிராம் லேகியத்தில் எவ்வளவு கைராசி என்று என்னால் எழுதித் தர முடியும்.

சொன்னால் நம்பமாட்டார்கள், கண்ணால் காட்டினால்தான் வெட்கப்படுவார்கள் என்று திட்டம் போட்டேன். லேப்பிலிருந்து, கிருமி வளர்க்கிற அகார் ஊற்றிய கண்ணாடித் தட்டுகளைக் கொண்டுவந்தேன். ஐந்து பேரையும் எங்கள் வீட்டுக்கு அழைத்து, மருந்துக்கு வருகிற மாதிரியே, கையைத் தனியாகக் கழுவாமல் வரச் சொன்னேன். அவரவர் விரல் நுனிகளை ஒரு தட்டில் மெல்ல அழுத்தவேண்டும். லாத்தா தட்டை மோந்து பார்த்தார்.

“இது நாங்க நோன்புக்குக் காய்ச்சற கடல்பாசி இல்ல? சீனி போடாம வெச்சிருக்கியே புள்ள?”

அவர் சொன்னது சரிதான். அகார் என்பது கடல்பாசிதான். மூன்று வருடம் நான் காசு கட்டிப் படித்ததை, அவர் நோன்புக் கஞ்சியோடு சேர்த்து வருடாவருடம் சாப்பிட்டிருக்கிறார். டீச்சர் தன் விரல்களைத் தட்டில் அழுத்துமுன் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். நடவுக்காரப் பெரியம்மா நகத்தைப் பார்த்துவிட்டு, “என் கை சேத்துக் கை பாப்பா, உன் கண்ணாடி அழுக்காயிடும்” என்றார். பரவாயில்லை என்றேன்.

எல்லோரும் முடித்த பிறகு ஒரு தட்டு மிச்சம் இருந்தது. அம்மா அடுப்படி வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதுல என் கையையும் எடேன்” என்றாள்.

டீச்சர் திரும்பிப் பார்த்தார். “உன் கை எதுக்கு? நீதான் தொடறதே இல்லையே.”

“சும்மாதான் டீச்சர். தட்டு வீணாப் போவுதே.”

அம்மா விரல்களை அழுத்தினாள். மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே அழுத்தினாள்.

இரண்டு நாள் லேப்பில் வளரவிட்டு, ஆறு தட்டுகளையும் டேப் ஒட்டி மூடி, டிபன் கேரியரில் அடுக்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். முதலாளிக்குத் தெரிந்திருந்தால் அன்றே வேலை போயிருக்கும். பக்கத்து சீட்டுப் பெண் “என்ன சாப்பாடு?” என்று கேட்டாள். தயிர்சாதம் என்றேன்.

கூடத்தில் வெளிச்சத்தில் வரிசையாக வைத்தேன். ஒவ்வொரு தட்டிலும் வெள்ளை, மஞ்சள், பழுப்பு என்று புள்ளி புள்ளியாக வளர்ந்திருந்தது. “திறக்காதீங்க. இதெல்லாம் உங்க கையில இருந்தது. இதைத்தான் மருந்துல வெச்சுப் பெசஞ்சீங்க” என்று ஒரு வக்கீலைப்போல் சொல்லிவிட்டு, அவர்கள் முகம் சுருங்குவதற்காகக் காத்திருந்தேன்.

ஒரு முகமும் சுருங்கவில்லை. பால்கார வீட்டு அத்தை தட்டின் அருகே குனிந்து, “இவ்வளவு இருந்துச்சா என் கையில?” என்றார். குரலில் பெருமை. கோயில்பிள்ளையின் மனைவி தன் தட்டையும் அவர் தட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். “உனக்கு மஞ்சள் கூட. எனக்கு வெள்ளை கூட.” லாத்தா, “நான் அஞ்சு பெத்தவ, எனக்குக் குறையுமா?” என்று சிரித்தார். டீச்சரின் தட்டுதான் எல்லாவற்றையும் மிஞ்சியது; புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து ஏடு கட்டியிருந்தன. அந்தத் தட்டின்மேல், எங்கள் லேப் வழக்கப்படி, ‘எண்ண இயலாது’ என்று எழுதியிருந்தேன். டீச்சர் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

“எண்ண இயலாது” என்று சத்தமாகச் சொன்னார். “தேவ கிருபை.”

“டீச்சர், அது அழுக்கு. கிருமி!” என்றேன்.

“இருக்கட்டும்மா. உன் படிப்புல அப்படிச் சொல்வாங்க.”

சேற்றுக் கையென்று சொன்ன பெரியம்மாவின் தட்டில்தான் புள்ளிகள் மிகக் குறைவு. எல்லோரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். “எட்டுப் பெத்தும் இவ்வளவுதானா உனக்கு?” என்றார் பால்கார வீட்டு அத்தை. பெரியம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. இந்த அறையில் சுத்தமான கை அவருடையதுதான் என்று நான் கத்திச் சொன்னதை ஒருவரும் பாராட்டாக எடுத்துக்கொள்ளவில்லை, அவர் உட்பட.

அப்போதுதான் அம்மா கடைசித் தட்டைக் காட்டி, “இது யாருது?” என்று கேட்டாள்.

“உன்னுதும்மா.”

அதிலும் புள்ளிகள். டீச்சரின் தட்டைப்போலவே ஏடு கட்டியிருந்தது. அதன்மேலும் நான் அதையேதான் எழுதியிருந்தேன். அம்மா தட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எனக்கும் இருக்கே” என்றாள்.

லாத்தா எட்டிப் பார்த்தார். டீச்சர் மறுபடியும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அம்மா என்னைப் பார்த்தாள். “இது என் கைதானே? மாத்தி வெச்சிடலையே?”

சொல்லவேண்டியது எனக்குத் தெரியும். இந்தப் புள்ளிகளுக்கும் பிரசவத்துக்கும் சம்பந்தமில்லை, இவை எல்லோர் கையிலும் இருக்கும், இவை அதிகமாக இருப்பது நல்லதும் இல்லை. இந்த மூன்று வாக்கியங்களைச் சொல்லத்தான் ஆறு பேரையும் உட்காரவைத்திருந்தேன். வெட்கப்படவேண்டியவர்கள் அவர்கள். ஆனால் வெட்கப்பட்டு நின்றது நான்.

“மாத்தலம்மா. உன் கைதான்” என்றேன். அது உண்மை. மிச்ச உண்மையை விழுங்கிவிட்டேன்.

ஆனாலும் மருந்துக்கு வழி பிறக்கவில்லை. மஸ்கட்டுக்குப் பொட்டலம் எடுத்துப் போகிற கூத்தாநல்லூர்க்காரர், லாத்தாவின் உறவுக்காரர், அடுத்த வாரம் கிளம்புகிறார். கை பட்டால் சான்றிதழ் கிடைக்காது, சான்றிதழ் இல்லாமல் அத்தான் உள்ளே விடமாட்டார். கை படாமல் அனுப்ப அம்மாவுக்கு மனசு வரவில்லை. “ரெண்டு தடவை போனவளுக்கு வெறும் சுக்கையும் மிளகையுமா அனுப்பறது?” என்றாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி வைக்கலாமே என்றேன். “கழுவினா அந்தப் புள்ளியெல்லாம் போயிடுமே” என்று டீச்சர் கவலைப்பட்டார். என் பிரசாரத்தின் பலன் அது.

முடிச்சை அவிழ்த்தவர் பெரியம்மா. வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார். “எறக்கினப்புறம்தான் கை வெக்கணும்னு யார் சொன்னது பாப்பா? வெரை விடறப்பதானே கைராசி பாக்கறோம்? கதிர் அறுக்கறப்பவா பாக்கறோம்? பொடியை அள்ளிப் பாகுல போடறப்பவே வெச்சுட்டா ஆச்சு. அப்பறம் அது கொதிக்கட்டும்.”

கிருமி எந்தக் கட்டத்தில் வந்தாலும் பாதகமில்லை, அதற்குப் பிறகு ஒரு கொதி இருந்தால் போதும். இதை என் பேராசிரியர் பலகையில் படம் போட்டு ஒரு மணி நேரம் நடத்தினார். நான் குறிப்பும் எடுத்தேன். எனக்கு இது தோன்றவில்லை, நடவு நடுகிறவருக்குத் தோன்றியது. அவருடைய தட்டைப் பார்த்துப் பரிதாபப்பட்டவர்கள் எல்லோரும் இப்போது அவர் சொன்னதற்குத் தலையாட்டினார்கள்.

தேன் மட்டும் பெரிய வழக்காகியது. சூடான மருந்தில் தேன் விடக் கூடாது, விஷம் என்றாள் அம்மா. ஆறிய பிறகு விட்டால் அதன்மேல் ஒரு கொதி கிடையாதே என்றேன் நான். கடைசியில் தேனை விட்டுவிட்டோம், உருண்டையையும் விட்டுவிட்டோம். சூடாகவே கரண்டியால் எடுத்து, கொதிக்கவைத்த கண்ணாடி பாட்டிலில் அடைப்பது என்று ராசியானோம்.

மூன்றாவது முறை கிளறிய அன்று என்னைக் கிணற்றடிக்குப் போகச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. சான்றிதழ் என் கையில் இருந்தது. பாகு கொதித்தது. டீச்சர் ஒரு கை பொடியை அள்ளிப் போட்டார். லாத்தா பிஸ்மி சொல்லிப் போட்டார். கோயில்பிள்ளையின் மனைவி சிலுவை போட்டுவிட்டுப் போட்டார். பால்கார வீட்டு அத்தை போட்டார். பெரியம்மா, நாற்றுமுடி எடுப்பதுபோல் அளவாக அள்ளிப் போட்டார். அம்மா பழக்கதோஷத்தில் கொல்லைக் கதவுப் பக்கம் போய்விட்டிருந்தாள்.

“தட்டுல பொடி மிச்சமிருக்கு” என்றார் பெரியம்மா. பிறகு யாரையும் பார்க்காமல், “ஆறாவது கை ஒண்ணு இருக்குல்ல?” என்றார்.

டீச்சர் மறுக்கவில்லை. அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்த எழுத்து அவருக்கு எதிராகவே நின்றது. அம்மா வந்தாள். கையைப் புடவையில் துடைத்தாள், துடைத்ததற்காகத் தன்னையே நொந்துகொண்டதுபோல் ஒரு நொடி நின்றாள். பிறகு பொடியை அள்ளிப் போட்டாள். நீராவி பட்டுக் கையை உடனே இழுத்துக்கொள்ளவேண்டும். அவள் இழுத்துக்கொள்ள நேரமாயிற்று.

ரிப்போர்ட் வந்தது. பார்த்த ஒவ்வொரு கிருமிக்கு நேராகவும் ‘இல்லை’, ‘இல்லை’, ‘இல்லை’. முதலாளி கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். பாட்டிலைவிட அந்தத் தாளைப் பத்திரமாகக் கட்டி அனுப்பினோம். அத்தான் அதைக் கோப்பில் போட்டுவைத்து, ‘மிகவும் திருப்தி’ என்று எழுதினார். திருப்தியடைந்த தரக்கட்டுப்பாட்டாளர், பிரசவத்துக்கு முன்பே ஒரு பாட்டிலைத் தோசைக்குத் தொட்டுக்கொண்டு தீர்த்துவிட்டார் என்று அக்கா தனியாக எழுதியிருந்தாள்.

எட்டாம் மாதம் வந்தது. அந்த மாதம் முழுக்க அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. ஒன்பதாம் மாதத்தின் கடைசியில், ஒரு மதியம், டீச்சர் வீட்டுக்குப் போன் வந்தது. அங்கேதான் போன் இருந்தது. நானும் அம்மாவும் ஓடினோம். அம்மா ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள், அக்காவின் குரல் எங்களுக்கும் கேட்டது.

“பொண்ணும்மா. நல்லா அழுவுறா. எனக்கு ஆபரேஷன்தான் பண்ணாங்க.”

“நீ நல்லாருக்கியா?”

“நல்லாருக்கேம்மா.”

அம்மா போனை வைத்தாள். அழுதாள். நானும் அழுதேன். டீச்சர் இரண்டு கையையும் கூப்பி மேலே பார்த்தார். கையை இறக்கியபோது அவர் பார்வை அம்மாவின் வலது கையில் வந்து நின்றது.

“ஆபரேஷன்னு சொன்னாளே…” என்று ஆரம்பித்தார். “அன்னிக்கு ஆறாவதா ஒரு கை…”

எனக்கு ரத்தம் கொதித்தது. வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா பேசினாள். இருபத்து நாலு வருடத்தில் டீச்சர் பேசும்போது அவள் குறுக்கே பேசி நான் கேட்டதில்லை.

“ஆமாம் டீச்சர். முன்னாடி ரெண்டு தடவையும் அஞ்சு கைதான் பட்டுச்சு. ரெண்டும் போச்சு. இந்தத் தடவைதான் என் கை பட்டுச்சு. பிள்ளை தங்கியிருக்கு.”

மூன்றே மூன்று மாதிரிகளை வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வரக் கூடாது. அந்த மருந்தை அக்கா அதுவரை ஒரு ஸ்பூன்கூடத் தின்றிருக்கவில்லை. தின்றவர் அத்தான். இதையெல்லாம் எடுத்துச் சொல்லக்கூடியவள் அந்த அறையில் நான் ஒருத்திதான். சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு, “என் மருமகளுக்கு அடுத்த மாசம் கிளறணும்” என்றார். “நீயும் கை வெக்கணும்.”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“வெக்கறேன் டீச்சர். ஆனா கொதிக்கறதுக்கு முந்திதான் வெக்கணும். நீங்களும் அப்பவே வந்துடுங்க. எறக்கினப்புறம் யாரையும் உள்ள விடமாட்டேன்.”